ஓர் ஆய்வாளரின் பணிக்காலத்தை எதைக் கொண்டு அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீரிழிவையும் எபிஜெனெடிக்ஸையும் இணைத்து ஆராயும் மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் கல்விப் பயணம் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆய்வுக்கூடத்தில் உழைக்கும் ஒருவருக்கு அவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. அவர் எங்கே பட்டம் பெற்றார், எந்தெந்த நிறுவனங்களில் பணியாற்றினார், எத்தனை ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார், அவை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன, என்னென்ன விருதுகளைப் பெற்றார் என்பவை எல்லாம் அதில் இருந்தன. அவர் எந்தக் கேள்விக்கு விடை தேடினார், அந்தத் தேடலுக்கு ஏன் அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன, யார் யாருடைய உழைப்பின் மீது நின்று அவர் தேடினார் என்பவை அதில் இல்லை. உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர் என்ற முறையில் இந்தக் குறை எனக்கு உறுத்தலாக இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சொல்ல விரும்புவது இதுதான். இந்தத் துறையில் ஒருவரின் பணிக்காலத்தைக் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிட்டால் மதிப்பீடு தவறாகவே முடியும். ஏனெனில் அவர் ஆராயும் பொருள் பத்து, இருபது, சில வேளைகளில் அறுபது ஆண்டுகள் கழித்துத்தான் தன்னை வெளிக்காட்டுகிறது. அத்தனை காலம் காத்திருக்கும் வேலையை ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்ற கணக்குக்குள் அடக்கும்போது, அந்தக் கணக்குக்கு ஏற்ற ஆய்வுகள் மட்டுமே பிழைத்திருக்கும்; தேவையான ஆய்வுகள் நின்றுபோகும்.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணில் இருந்தாலும் சிறுநீரகத்தில் இருந்தாலும் கணையத்தில் இருந்தாலும், ஒருவருடைய உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. வரிசை ஏறத்தாழ ஒன்றே. எந்த மரபணு எங்கே இயங்க வேண்டும், எங்கே அடங்கியிருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில், டி.என்.ஏ.யின் மீது ஒட்டும் மீத்தைல் என்ற சிறு வேதித் தொகுதிகளுக்கும், டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் நிகழும் வேதி மாற்றங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. வரிசையைத் தொடாமல் மரபணுவின் இயக்கத்தை மட்டும் மாற்றும் இந்த ஏற்பாடுகளை ஆராய்வதே எபிஜெனெடிக்ஸ். பிரித்தானிய அறிஞர் கான்ராட் வாடிங்டன் 1942இல் இந்தச் சிந்தனைக்கு வித்திட்டபோது டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பே இன்னும் கண்டறியப்படவில்லை.

நீரிழிவு இந்தத் துறைக்குள் நுழைந்ததற்குக் காரணம், மருத்துவர்களால் விளக்க முடியாமல் நின்ற ஒரு புதிர். 1987இல் எங்கர்மன், கெர்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீரிழிவு உண்டாக்கப்பட்ட நாய்களைப் பற்றி எழுதினார்கள். இரண்டரை ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்பாடின்றி இருந்த பிறகு, அடுத்த இரண்டரை ஆண்டுகள் நல்ல கட்டுப்பாட்டில் வைத்தும், அந்த நாய்களின் விழித்திரைப் பாதிப்பு நிற்கவில்லை. சர்க்கரை சரியான அளவுக்குத் திரும்பிய பிறகும் உடல் பழைய கேட்டைச் சுமந்துகொண்டே இருந்தது. ஒரு விலங்கு ஆய்வில் கிடைத்த விந்தையான முடிவு என்று இதை அன்று பலர் கடந்து போயிருக்கக்கூடும்.

மனிதர்களில் இதே கதை வெளிப்பட்ட விதம்தான் என் வாதத்தின் மையம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 29 மருத்துவ மையங்களில், முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரைக் கொண்டு, நீரிழிவுக் கட்டுப்பாட்டையும் அதன் சிக்கல்களையும் ஆராயும் பெரும் சோதனை ஒன்று 1983இல் தொடங்கியது. ஒரு பிரிவினர் அன்றைய வழக்கப்படி நாளுக்கு ஓரிரு முறை இன்சுலின் எடுத்துக்கொண்டனர். மற்றொரு பிரிவினர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஊசிகளாலோ இன்சுலின் பம்ப் மூலமாகவோ சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தினர். முதல் பிரிவில், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சுமார் 9 விழுக்காடாகவும் இரண்டாம் பிரிவில் சுமார் 7 விழுக்காடாகவும் இருந்தது. தீவிரச் சிகிச்சை பெற்றவர்களிடம், அதுவரை விழித்திரை பாதிக்கப்படாதோரைக் கணக்கில் கொண்டால், பாதிப்பு உருவாகும் அபாயம் 76 விழுக்காடு குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால், திட்டமிட்டதற்கு முன்பே 1993இல் சோதனையை முடித்து, எல்லோருக்கும் தீவிரச் சிகிச்சை முறையைக் கற்றுக்கொடுத்தார்கள்.

வழக்கமான ஆய்வாக இருந்தால் இத்துடன் கோப்பை மூடியிருப்பார்கள். இங்கே மூடவில்லை. 1994இல் இருந்து அதே மனிதர்களில் பெரும்பாலோரை ஆண்டுதோறும் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு சில ஆண்டுகளுக்குள் இரண்டு பிரிவினரின் ஹெச்பிஏ1சி அளவும் சுமார் 8 விழுக்காட்டில் ஒன்றாகிவிட்டது. சிகிச்சையில் இருந்த வேறுபாடு மறைந்தது. எனினும் விழித்திரைப் பாதிப்பும் சிறுநீரகப் பாதிப்பும் முன்பு தீவிரச் சிகிச்சை பெற்றவர்களிடம் குறைவாகவே தொடர்ந்தன. 2005இல் வெளியான முடிவுகளின்படி இதயம், ரத்தக்குழாய் சார்ந்த நிகழ்வுகளும் அவர்களிடம் 42 விழுக்காடு குறைவாக இருந்தன. சோதனைக் காலத்தில் சராசரியாக ஆறரை ஆண்டுகள் கிடைத்த நல்ல கட்டுப்பாட்டை அவர்களுடைய ரத்தக்குழாய்கள் பத்தாண்டுகளுக்குப் பிறகும் மறக்கவில்லை. இதையே ஆய்வாளர்கள் வளர்சிதை மாற்ற நினைவு என்கிறார்கள். இரண்டாம் வகை நீரிழிவைப் பொறுத்தவரை, பிரிட்டனில் 1977இல் தொடங்கி 1997இல் முடிந்த பெரிய ஆய்வைத் தொடர்ந்து அடுத்த 10 ஆண்டுகள் கவனித்தபோது இதற்கு ஒத்த முடிவே 2008இல் வெளியானது.

இங்கே ஒன்றைக் கவனிக்குமாறு தங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீரிழிவுச் சிகிச்சையின் போக்கையே மாற்றிய அந்த 1993ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர் இடத்தில் ஆய்வுக் குழுவின் பெயர்தான் இருக்கிறது. பத்தாண்டு உழைத்த மருத்துவர்கள், செவிலியர்கள், உணவியல் வல்லுநர்கள், புள்ளியியலாளர்கள் அனைவரும் அந்தக் குழுப் பெயருக்குள் அடக்கம். முதல் ஆசிரியராக எத்தனை கட்டுரை எழுதினீர்கள் என்று கேட்கும் தேர்வுக்குழுவின் முன் அவர்களில் பலருக்குக் காட்டுவதற்கு அதிகம் இருந்திருக்காது. ஆனால் இன்று உலகில் எந்த நீரிழிவு மருத்துவரும் அவர்கள் கண்டறிந்ததைப் பயன்படுத்தாமல் ஒரு நாளையும் கடத்துவதில்லை.

உடல் எதைக் கொண்டு இந்த நினைவை வைத்திருக்கிறது? எபிஜெனெடிக்ஸ் ஆய்வாளர்கள் இந்த இடத்தில்தான் வருகிறார்கள். அமெரிக்காவின் சிட்டி ஆஃப் ஹோப் நிறுவனத்தைச் சேர்ந்த ராமா நடராஜனின் பணி இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 1990களில் அவருடைய ஆய்வுகள் ரத்தக்குழாய்ச் சுவரின் தசை உயிரணுக்களில் அழற்சி எப்படி மூள்கிறது என்பதைப் பற்றியவை. எபிஜெனெடிக்ஸ் அன்று அவற்றின் மையத்தில் இல்லை. 2004இல் அவருடைய குழு, சர்க்கரை மிகுந்த சூழலில் அழற்சி மரபணுக்களின் அருகே ஹிஸ்டோன்களில் மாற்றம் நிகழ்வதைக் காட்டியது. 2008இல், நீரிழிவுள்ள எலிகளின் ரத்தக்குழாய் உயிரணுக்களை உடலில் இருந்து பிரித்துச் சர்க்கரை அளவு சாதாரணமாக உள்ள ஊடகத்தில் வளர்த்த பின்னரும், மரபணுக்களை அடக்கி வைக்கும் ஒரு ஹிஸ்டோன் குறி, அதாவது ஹிஸ்டோனில் நிகழும் ஒரு வேதி மாற்றம், குறைந்தே இருப்பதைக் கண்டார்கள். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் அசாம் எல்-ஓஸ்டா குழுவினர், மனித ரத்தக்குழாயின் உட்சுவர் உயிரணுக்களை வெறும் 16 மணி நேரம் மிகை சர்க்கரையில் வைத்துவிட்டுப் பிறகு சாதாரண அளவுக்கு மாற்றினர். ஆறு நாட்களுக்குப் பிறகும் அழற்சியைத் தூண்டும் ஒரு மரபணுவின் அருகே ஹிஸ்டோன் மாற்றம் அழியாமல் இருந்தது. பதினாறு மணி நேரத் தவறு ஆறு நாட்கள் நிலைக்கிறது என்றால் பதினாறு ஆண்டுத் தவறு என்ன செய்யும் என்ற எண்ணம் அதைப் படித்த யாருக்கும் எழாமல் இருக்காது.

எலியிலும் வளர்ப்புத் தட்டிலும் கண்டது மனிதரிடமும் உண்மையா என்பதற்கான முக்கியச் சான்றுகளில் ஒன்று 2016இல் கிடைத்தது. ராமா நடராஜன் குழுவும் முன்பு சொன்ன பெருஞ்சோதனையை நடத்தியவர்களும் சேர்ந்து, வழக்கமான சிகிச்சைப் பிரிவில் இருந்து கண் அல்லது சிறுநீரகப் பாதிப்பு முற்றிய 32 பேரையும், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்து அப்படி முற்றாத 31 பேரையும் ஒப்பிட்டார்கள். சோதனை முடிந்த காலத்தில் எடுத்துப் பாதுகாத்த ரத்தத்தின் டி.என்.ஏ.யையும், அதற்கு 16, 17 ஆண்டுகளுக்குப் பிறகு அதே மனிதர்களிடம் எடுத்த வெள்ளணுக்களின் டி.என்.ஏ.யையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, சர்க்கரையால் தூண்டப்படும் டிஎக்ஸ்என்ஐபி என்ற மரபணு உள்ளிட்ட சில இடங்களில் மீத்தைல் அளவின் வேறுபாடு இரண்டு காலங்களிலும் ஒரே விதமாக இருந்தது.

சோதனை முடிந்த அந்நாளில் ரத்தக் குழல்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக் குளிர்பெட்டியில் அடுக்கியவர்களுக்கு, இலட்சக்கணக்கான மீத்தைல் இடங்களை ஒரே நேரத்தில் அளக்கும் கருவி என்றாவது வரும் என்று தெரியாது. அப்போது அது இல்லை. எதற்குப் பயன்படும் என்று தெரியாத ஒன்றை இருபது ஆண்டுகளுக்கு மேல் கெடாமல் காப்பதும், யாருடைய ரத்தம், எந்த நாளில் எடுத்தது, அன்று அவருடைய ஹெச்பிஏ1சி எவ்வளவு என்ற குறிப்புகளைத் தவறவிடாமல் வைத்திருப்பதும் அறிவியல் பணி இல்லையென்றால் வேறு எது அறிவியல் பணி? இந்தப் பணிக்கு மேற்கோள் எண்ணிக்கையும் கிடையாது, விருதும் கிடையாது. தங்கள் கட்டுரையில் இடம்பெற்ற ஆய்வாளரும் இப்படிப்பட்ட யாரோ சிலரின் பொறுமையைக் கொண்டே தம் முடிவுகளை எட்டியிருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்.

கருவில் இருக்கும்போது கிடைத்த ஊட்டம் பிற்கால நீரிழிவை எப்படித் தீர்மானிக்கிறது என்ற கிளையை எடுத்துக்கொண்டால் இந்த உண்மை இன்னும் துலக்கமாகத் தெரியும். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911இல் இருந்து, எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்ற அலுவலரின் மேற்பார்வையில், பிறக்கும் குழந்தைகளின் எடையும் ஒரு வயது நிறைந்தபோது அவர்களின் எடையும் பேரேடுகளில் பதியப்பட்டன. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு டேவிட் பார்க்கர் குழுவினர் அந்தப் பேரேடுகளைக் கண்டெடுத்து, அதில் இருந்தோரில் 64 வயதை எட்டிய ஆண்களைத் தேடிப் பிடித்து, அவர்களின் ரத்தச் சர்க்கரையைச் சோதித்தார்கள். பிறக்கும்போதும் ஒரு வயதிலும் எடை குறைந்திருந்தவர்களிடம் நீரிழிவும் அதற்கு முந்தைய நிலையும் கூடுதலாக இருந்ததை நிக்கலஸ் ஹேல்ஸும் பார்க்கரும் 1991இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டு அதை ஒரு கருதுகோளாக வகுத்தார்கள். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியைத் தாக்கிய பஞ்சத்தின்போது கருவுற்றவர்களைச் சுமார் 60 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து, பஞ்சத்தைக் கருவில் சந்திக்காத அவர்களின் உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டவர்கள், வளர்ச்சிக்குத் தேவையான ஐஜிஎஃப்2 மரபணுவில் மீத்தைல் அளவு குறைந்திருப்பதை 2008இல் காட்டினார்கள். புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1993இல் தொடங்கி, கருவுற்ற பெண்களின் ஊட்டத்தையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்துவரும் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினரின் ஆய்வும் இதே வரிசையில் வருவதுதான். தாயின் உடலில் வைட்டமின் பி12 குறைந்து ஃபோலேட் மிகுந்திருந்தால், ஆறு வயதில் குழந்தையிடம் இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலை) கூடியிருக்கிறது என்று அவர்கள் சொல்வதற்கு, தாயின் ரத்தத்தை எடுத்துவிட்டு அந்தக் குழந்தை பிறந்து ஆறு வயதாகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குழந்தை வளரும் வேகத்தை எந்த ஆய்வு நிதி நல்கையாலும் கூட்ட முடியாது.

காலம் மட்டுமன்று, பொருளின் கடினமும் இந்தப் பணியைத் தாமதப்படுத்துகிறது. இன்சுலினைச் சுரக்கும் கணையத் திட்டுகளை உயிருள்ள மனிதரிடம் இருந்து ஆய்வுக்காக எடுப்பது மிக அரிது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஷார்லட் லிங் குழுவினர் செய்ததைப் போல, இறந்த பிறகு உறுப்புக் கொடை அளித்தவர்களின் திட்டுகள் கிடைக்கும்போதுதான் பெரும்பாலும் அவற்றை ஆராய முடியும். மற்றபடி ரத்தத்தை வைத்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. ரத்தத்திலோ பல வகை வெள்ளணுக்கள் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு வகையின் மீத்தைல் அமைப்பும் வேறு. ஒருவருக்கு ஒரு வகை கூடி மற்றொன்று குறைந்தாலே, நோயால் மாற்றம் வந்தது போன்ற தோற்றம் கிடைத்துவிடும். வயது, புகைப்பழக்கம், உடற்பருமன் ஒவ்வொன்றும் தனக்கே உரிய தடத்தைப் பதிக்கிறது. இவை எல்லாவற்றையும் கழித்து எஞ்சுவதைத்தான் நீரிழிவோடு தொடர்புடையது என்று சொல்லலாம்.

அப்படி எஞ்சியதும் நீரிழிவுக்குக் காரணமா, நீரிழிவின் விளைவா என்ற கேள்வி அடுத்து நிற்கிறது. எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்வி இதுவே. நோய் வந்த பிறகு எடுத்த ரத்தத்தால் இதற்கு விடை சொல்ல முடியாது. 2015இல் லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரையும் ஐரோப்பியரையும் ஆராய்ந்த ஜான் சேம்பர்ஸ் குழுவினர், நோய் வருவதற்கு முன்பே எடுத்து வைத்த ரத்தத்தில் 5 இடங்களின் மீத்தைல் அளவு, பின்னாளில் யாருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் என்பதோடு தொடர்புடையதாக இருப்பதைக் கண்டார்கள். டிஎக்ஸ்என்ஐபி அந்த ஐந்தில் ஒன்று. அதுவும் முழு விடை ஆகிவிடாது; நோய் என்று பெயர் சூட்டப்படும் அளவுக்கு ஏறாமல் சற்றே உயர்ந்திருக்கும் சர்க்கரையே அந்த மாற்றத்தை உண்டாக்கியிருக்கலாம். இதை மனத்தில் கொண்டு, தொடர்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் தொடர்பு என்றும், காரணம் என்று சொல்லச் சான்று வந்த பிறகே காரணம் என்றும் எழுதும் ஆய்வாளர் பெரும்பாலும் மெதுவாகவே எழுதுவார். அந்த மெதுவான நடையை நேர்மையாகப் பார்க்கும் மதிப்பீட்டு முறை நம்மிடம் இல்லை.

இதற்கிடையில் கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மீத்தைல் ஏறிய இடங்களைப் பிரித்தறியும் பைசல்ஃபைட் வரிசைமுறை 1992இல் வந்தது. பிறகு பலரும் பயன்படுத்திய அளவீட்டுச் சில்லுகள் முதலில் சுமார் 27,000 இடங்களையும், அடுத்து சுமார் 4.5 லட்சம் இடங்களையும், அதன் பின் 8.5 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களையும் அளந்தன. மனித மரபணுத்தொகுதியில் மீத்தைல் ஏறக்கூடிய இத்தகைய இடங்கள் சுமார் 2.8 கோடி. ஒருவர் முனைவர் பட்டம் பெற்றுத் தமக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைப்பதற்குள், அவர் கற்ற கருவி பழையதாகிவிடுகிறது. புதிய கருவியோடு அதற்குரிய புள்ளியியலையும் கணிப்பொறி நிரலாக்கத்தையும் மீண்டும் தொடக்கத்தில் இருந்து கற்க வேண்டும். மருத்துவராகவும் இருந்துகொண்டு நோயாளிகளைப் பார்த்தபடி இதைச் செய்வோரின் சுமையைச் சொல்லி முடியாது.

இப்போது அவர்களை நாம் எப்படி அளக்கிறோம் என்று பாருங்கள். ஆய்வு நல்கைகள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கே கிடைக்கின்றன. முனைவர் பட்ட மாணவர் ஏறத்தாழ அந்தக் காலத்துக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிகள் தற்காலிகமானவை. ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை அடுத்த இடத்தைத் தேட வேண்டும். இந்தக் காலக்கணக்குக்குள் நிற்கும் இளைஞர் ஒருவர், இருபது ஆண்டு கழித்துப் பலன் தரும் தொடர் ஆய்வை எந்தத் துணிவில் தேர்ந்தெடுப்பார்? கையில் இருக்கும் சிறு எண்ணிக்கையிலான மாதிரிகளை ஒரு சில்லில் ஓட்டி, நோயாளிக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாடுகளைப் பட்டியலிட்டு ஒரு கட்டுரை எழுதிவிடுவதே அவருக்குப் பாதுகாப்பானது. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்படிச் செய்தால்தான் அவருக்கு வேலை நிலைக்கும் என்ற நிலையை உண்டாக்கியவர்கள் நாம்தான்.

தங்கள் கட்டுரை பெருமையோடு குறிப்பிட்ட ஹெச்-குறியீடு, ஒருவரின் கட்டுரை எண்ணிக்கையையும் அவை பெற்ற மேற்கோள்களையும் ஒரே எண்ணில் அடக்கும் அளவு; அது ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்தது. ஓர் ஆய்விதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் தாக்கக் காரணி, நூலகங்கள் எந்த இதழ்களை வாங்கலாம் என்று முடிவு செய்ய உதவியாகப் புழக்கத்துக்கு வந்தது. தனியொருவரின் ஆய்வை மதிப்பிட ஆய்விதழ் சார்ந்த அளவுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவாகி மறு ஆண்டு வெளியான பிரகடனம் தெளிவாகவே கூறுகிறது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்களும் ஆய்வாளர்களும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இருந்தும் பதவி உயர்வுக்கான படிவங்களில் அந்த எண்களைக் கேட்கும் கட்டங்கள் இன்னும் பல இடங்களில் நீங்கவில்லை. நாளிதழ்களும் அதே எண்களைத் திறமையின் சான்றாக அச்சிடும்போது அந்தக் கட்டங்களுக்கு வலு கூடுகிறது.

எண்களே வேண்டாம் என்பது என் வாதமன்று. பொதுப்பணத்தைச் செலவிடுபவர் கணக்குக் காட்டத்தான் வேண்டும். ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதில் மாற்றம் தேவை. அவர் உருவாக்கிய மாதிரிக் களஞ்சியத்தையும் தரவுத் தொகுப்பையும் எத்தனை குழுக்கள் பயன்படுத்தின, அவருடைய முடிவை வேறொரு மக்கள் கூட்டத்தில் வேறொருவர் மீண்டும் கண்டாரா, மாற்றம் எதுவும் தென்படவில்லை என்ற முடிவையும் அவர் மறைக்காமல் வெளியிட்டாரா, அவரிடம் பயின்றவர்கள் அடுத்த தலைமுறைக்கு அந்தத் தொடர் ஆய்வை எடுத்துச் செல்கிறார்களா என்பவற்றை எல்லாம் எண்ணலாம்; எடை போடலாம். இவற்றில் கடைசியாகச் சொன்னதையே நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். முப்பது ஆண்டு ஆய்வு ஒருவரின் பணிக்காலத்துக்குள் தொடங்கி முடிவது அரிது; தொடங்கியவர் ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்காமல் நடந்தால்தான் அவர் தொடங்கியதற்குப் பொருள் உண்டு.

ஆசிரியர் அவர்களே, இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அதே கட்டுரையில், தாத்தா பாட்டியின் உணவுப் பழக்கம் பேரப்பிள்ளைகளின் மரபணுவில் பதிந்து நீரிழிவாக வெளிப்படுகிறது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. விலங்குகளில் அதற்கு இணையான சில சான்றுகள் உண்டு. மனிதரைப் பொறுத்தவரை அவ்வளவு உறுதியாகச் சொல்ல இடமில்லை. கருவுற்ற ஒரு பெண் பட்டினி கிடந்தால் அவரும், அவருடைய கருவும், கரு பெண்ணாக இருந்தால் அதனுள் அப்போதே உருவாகிவரும் முட்டை உயிரணுக்களும் ஒரே வேளையில் அந்தப் பட்டினிக்கு ஆளாகின்றன. அதாவது மூன்று தலைமுறைகள் நேரடியாகவே பாதிக்கப்படுகின்றன. அதற்கு அடுத்த தலைமுறையிலும் அந்த மாற்றம் தெரிந்தால்தான் அது வேதிக் குறியாகவே கடத்தப்பட்டது என்று பேசத் தொடங்கலாம். மேலும் கருவின் தொடக்க நாட்களிலும் இனப்பெருக்க உயிரணுக்கள் உருவாகும்போதும் மீத்தைல் குறிகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டு மீண்டும் எழுதப்படுகிறது. முன்பு சொன்ன நெதர்லாந்துப் பஞ்ச ஆய்வில் கண்ட மீத்தைல் வேறுபாடும் அளவில் சிறியதே; அதுதான் நீரிழிவை உண்டாக்கியது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. இதைச் சொல்வதால் அதன் மதிப்பு எள்ளளவும் குறையாது. நீரிழிவோடு வாழும் ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டுத் தம் நோய்க்குத் தம் முன்னோரைப் பொறுப்பாக்கினாலோ, கருவுற்றிருக்கும் பெண் ஒருவர் அதைப் படித்துத் தம்மையே குற்றவாளியாக எண்ணிக்கொண்டாலோ ஏற்படும் வேதனை மட்டும் சிறியதன்று. பெற்றோரின் உடல் நிலை, குழந்தையின் வளர்ப்பு, உழைப்பு, உறக்கம், டி.என்.ஏ. வரிசை என எத்தனையோ சேர்ந்து உருவாக்கும் நோய் இது.

மாறாக, உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று வாசகர்களுக்கு நேரடியாகப் பயன்படும். நோய் கண்டறியப்பட்ட தொடக்க ஆண்டுகளிலேயே சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தினால் அதன் நன்மை நெடுங்காலம் தங்குகிறது என்பது வளர்சிதை மாற்ற நினைவு பற்றிய ஆய்வுகளில் இருந்து கிடைத்த பாடம். அந்த நன்மையை உடல் எந்த வேதிக் குறியில் சேமிக்கிறது என்பது இன்னும் முழுமையாகத் தெளியாவிட்டாலும், நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை. ஓர் ஆய்வாளரின் வாழ்க்கையை எழுதும் கட்டுரை இந்த ஒரு செய்தியை வாசகரிடம் சேர்த்திருந்தால், விருதுப் பட்டியலைக் காட்டிலும் அது அந்த ஆய்வாளருக்கே மன நிறைவைத் தந்திருக்கும்.

எனவே தாங்கள் அறிமுகப்படுத்திய அதே ஆய்வாளரை மீண்டும் ஒருமுறை சந்தித்து, இரண்டாவது கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கேள்வியோடு அவர் தொடங்கினார், இடையில் எந்தக் கருத்தைக் கைவிட நேர்ந்தது, எந்த மாதிரிகளுக்காக எத்தனை ஆண்டு காத்திருந்தார், நல்கை முடிந்த காலங்களில் தொடர் ஆய்வு அறுந்துவிடாமல் யார் காத்தார்கள் என்று அவரிடம் கேளுங்கள். அவருடைய குழுவில் ரத்த மாதிரிகளைப் பராமரிப்பவரையும், தரவுகளைச் சரிபார்ப்பவரையும், தங்களுக்கு உடனடிப் பலன் எதுவும் இல்லை என்று தெரிந்தும் ஆண்டுதோறும் வந்து ரத்தம் கொடுக்கும் தன்னார்வலர் ஒருவரையும், அவர்கள் இசைந்தால், அந்தக் கட்டுரையில் பேச விடுங்கள். அறிவியல் செய்திகளை எளிய தமிழில் எடுத்துச் சொல்லத் தங்கள் செய்தியாளருக்கு உதவி தேவைப்படுமானால், பாடம் நடத்திப் பழகிய இந்த வாசகர் அதற்கு மகிழ்ச்சியோடு ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர்